பழைய கணினிக்கு மாற்று விசிறி: நாக்டுவா என்எஃப்-ஏ9 பிடபிள்யூஎம் மதிப்புரை

இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 செயலியைக் கொண்ட, அலுவலகப் பயன்பாட்டுக்கென விற்கப்பட்ட ஒரு மேசைக் கணினியின் ஹீட்சிங்க் (செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டு அமைப்பு) விசிறி பழுதடைந்ததால், அதற்குப் பதிலாக ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எஃப்-ஏ9 பிடபிள்யூஎம் என்னும் 92 மி.மீ. விசிறியைப் பொருத்தினேன். இந்தத் தலைமுறைச் செயலிகள் 2011இல் சந்தைக்கு வந்தவை. எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் கணக்குகளுக்கும் அவை இன்றும் தாராளமாகப் போதும். தேய்ந்துபோனது ஒரு விசிறி மட்டும் என்னும்போது கணினியையே ஒதுக்கிவிடுவது பெரிய வீண்செலவு என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் புதிய விசிறிகளைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை புதிய கணினிகளை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பழைய மதர்போர்டு ஒன்று இந்த விசிறியை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்பதை அவை சொல்வதில்லை. அந்தக் கோணத்திலிருந்தே இங்கு எழுதுகிறேன்.

விசிறியை வாங்குவதற்கு முன்னால், பழுது அதில்தான் இருக்கிறதா என்று தெளிய வேண்டும். சாதாரண ஸ்லீவ் பேரிங், அதாவது எண்ணெயிட்ட துளைக்குள் தண்டு சுழலும் அமைப்பு கொண்ட விசிறியில் எண்ணெய் வற்றத் தொடங்கினால், கணினியை இயக்கிய முதல் சில நிமிடங்களுக்கு உறுமலோ கரகரப்போ கேட்கும். எஞ்சியிருக்கும் எண்ணெய் சூடாகி இளகியதும் சத்தம் அடங்கிவிடும். இப்படி அடங்குவதைக் கண்டு பழுது தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது, ஏனென்றால் சத்தம் நீடிக்கும் நேரம் படிப்படியாகக் கூடி, ஒரு கட்டத்தில் விசிறி தொடக்கத்திலேயே சுழல மறுக்கும். சிறு குண்டுகளின்மேல் தண்டு சுழலும் பால் பேரிங் தேய்ந்தால் ஒலி வேறு வகையானது: மெல்லிய உலோகக் கீச்சொலியாக, வேகத்துக்கேற்ப ஏறியிறங்கி, இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு விசிறியின் நடுப்பகுதியை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பதும், இறக்கையைச் சுண்டிவிட்டு அது தானாக நிதானித்து நிற்கிறதா சட்டென்று முட்டி நிற்கிறதா என்று கவனிப்பதும் நம்பகமான சோதனைகள். ஹார்ட் டிஸ்க்கின் ஓசையும் பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறியின் ஓசையும் கேபினட்டுக்குள் எதிரொலித்து ஏமாற்றக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பவர் சப்ளையிலிருந்துதான் சத்தம் வருகிறது என்று தெரிந்தால், அதைத் திறக்காமல் முழுமையாக மாற்றிவிடுவதே சரி. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பழைய விசிறியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு துளி எண்ணெய் விடும் வழக்கம் பரவலாக உண்டு. ஸ்லீவ் பேரிங்கில் அது சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ பலன் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்த துளை எண்ணெயால் மீண்டும் வட்டமாகிவிடாது. தண்டுக்கும் துளைக்கும் இடையில் ஏற்பட்டுவிட்ட இடைவெளி அப்படியே இருக்கும். புதிய விசிறி வந்து சேரும்வரை காலம் தள்ளுவதற்கு மட்டும் அந்த வழியை ஏற்கலாம்.

இனி அளவுகள். விசிறியின் சட்டத்தை ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை அளக்க வேண்டும். திருகுத் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம் அதிலிருந்து வேறுபடும். 80 மி.மீ. விசிறியில் துளை இடைவெளி 71.5 மி.மீ., 92 மி.மீ. விசிறியில் 82.5 மி.மீ., 120 மி.மீ. விசிறியில் 105 மி.மீ. துளை இடைவெளியை மட்டும் அளந்துவிட்டு ‘எண்பது சொச்சம்’ என்று கேட்டால், 92 மி.மீ. தேவைப்படும் இடத்துக்கு 80 மி.மீ. விசிறி வந்து சேரும். தடிமனும் முக்கியம். என்எஃப்-ஏ9 வழக்கமான 25 மி.மீ. தடிமன் கொண்டது, ஆனால் அலுவலகக் கணினிகளிலும் ஒர்க்ஸ்டேஷன்களிலும் 32 அல்லது 38 மி.மீ. தடிமனுள்ள விசிறிகளும் பயன்படுத்தப்பட்டன. அவற்றின் நீண்ட திருகுகள் மெல்லிய சட்டத்தை இறுக்கிப் பிடிக்காது என்பதோடு, அந்தத் தடிமனான விசிறிகள் தந்த காற்றழுத்தத்தையும் 25 மி.மீ. விசிறியிடம் எதிர்பார்க்க முடியாது.

எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் கேட்பது கனெக்டர். நான்கு பின் (இணைப்பு ஊசி) விசிறிக்கான வரையறையை இன்டெல் வகுத்தது. அதன்படி முதல் பின் எர்த், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது விசிறி தன் வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்லும் கம்பி, நான்காவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பலைக்குரியது (பிடபிள்யூஎம் என்பது இந்தக் கட்டுப்பாட்டு முறையின் பெயர்). ஒவ்வொரு சுற்றுக்கும் விசிறி இரண்டு துடிப்புகளை அனுப்ப, அவற்றை எண்ணித்தான் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று காட்டுகிறது. கட்டுப்பாட்டுத் துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருவதால், அது நம் காதுக்கு எட்டாது. என்எஃப்-ஏ9 பிடபிள்யூஎம் இந்த வரையறையை அப்படியே பின்பற்றுகிறது. ஆகவே வழக்கமான நான்கு பின் இணைப்புள்ள எந்த மதர்போர்டிலும் இயல்பாகச் செருகிக்கொள்ளும். மூன்று பின் மட்டுமே உள்ள இணைப்பிலும் செருகலாம். நான்காவது பின்னுக்கு இணை இல்லாததால், மதர்போர்டு மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தினாலன்றி விசிறி முழு வேகத்தில் ஓடும். அத்தகைய பழைய போர்டுகளுக்கு, இதே விசிறியின் மூன்று பின் வடிவமான, நிமிடத்துக்கு 1600 சுற்றுகளை உச்சமாகக் கொண்ட என்எஃப்-ஏ9 எஃப்எல்எக்ஸ் மேலும் பொருத்தமானது.

வழக்கமான இணைப்பு இல்லாத கணினிகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ் வரிசையின் பல பழைய மாதிரிகளில் ஐந்து பின் கனெக்டர் இருக்கும். கம்பிகளின் வேலை அதேதான் என்றாலும் வரிசையும் வடிவமும் வேறு. அங்கே நாக்டுவா விசிறியின் கனெக்டர் நேரடியாகப் பொருந்தாது. கம்பிகளின் நிறத்தை மட்டும் நம்பி மாற்றிச் செருகினால், 12 வோல்ட் மின்சாரம் வேகம் சொல்லும் கம்பிக்குள் பாய்ந்து விசிறியையோ மதர்போர்டையோ கெடுத்துவிடக்கூடும். அதற்கென்றே தயாரிக்கப்பட்ட மாற்றுக் கம்பியை வாங்குவதும், பழைய விசிறியின் லேபிளில் அச்சிடப்பட்டுள்ள பாக எண்ணைக் கொண்டு அதே விசிறியைத் தேடி வாங்குவதும் பாதுகாப்பான வழிகள். டெல்டா, ஏவிசி, நிடெக், ஃபாக்ஸ்கான் போன்ற பெயர்கள் அந்த லேபிளில் காணப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. கணினி நிறுவனங்களுக்கு விசிறி செய்து கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

விசிறிக்கு வருகிறேன். பெட்டிக்குள் விசிறியோடு 30 செ.மீ. நீட்டிப்புக் கம்பி, ஒரே இணைப்பிலிருந்து இரண்டு விசிறிகளை இயக்க உதவும் ஒய் வடிவக் கம்பி, வேகத்தைக் குறைக்கும் சிறு அடாப்டர், நான்கு ரப்பர் ஆணிகள், நான்கு திருகுகள் ஆகியவை இருந்தன. விசிறியின் சொந்தக் கம்பி 20 செ.மீ. நீளமே உடையது. புதிய கணினிகளில் இது ஒரு பொருட்டாகாது. பழைய அலுவலகக் கணினிகளிலோ விசிறி இணைப்பு எங்கோ ஒரு மூலையில் அமைந்திருக்கும் என்பதால், கூடவே வரும் நீட்டிப்புக் கம்பியின் அருமை அங்கே தெரியும். சட்டத்தின் மூலைகளில் அதிர்வை உறிஞ்சும் மெத்தைகள் உள்ளன. பழுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த அந்த நிறத்தைச் சிலர் விரும்புவதில்லை. மூடிய கேபினட்டுக்குள் அது எனக்கு ஒரு பொருட்டல்ல, விரும்பாதவர்களுக்குக் கருப்பு நிற வடிவமும் உண்டு.

இதன் பேரிங்கை எஸ்எஸ்ஓ2 என்று நிறுவனம் அழைக்கிறது. அடிப்படையில் அது எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு மிதந்து சுழலும் வகை. அதோடு ஒரு காந்தம் சேர்ந்து தண்டை நடுவில் நிலைநிறுத்துகிறது. எளிய ஸ்லீவ் பேரிங்கில் தண்டு துளையின் சுவரை உரசத் தொடங்குவதே தேய்மானத்தின் தொடக்கம் என்பதால், தண்டை மையத்தில் பிடித்துவைக்கும் எந்த ஏற்பாடும் நேரடியாக ஆயுளைக் கூட்டும். 150,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட சராசரி ஆயுளையும் 6 ஆண்டு உத்தரவாதத்தையும் நிறுவனம் குறிப்பிடுகிறது. அந்த மணிக்கணக்கை இடைவிடாத ஓட்டமாக மாற்றினால் 17 ஆண்டுகளைத் தாண்டும். ஆனால் அது புள்ளியியல் முறையில் பெறப்பட்ட எண்ணே தவிர, ஒவ்வொரு விசிறிக்கும் தரப்பட்ட வாக்குறுதி இல்லை. வாங்குபவர் சார்ந்திருக்கத் தக்கது உத்தரவாதக் காலம்தான். பழைய கணினியைப் பொறுத்தவரை அதுவே தாராளம்.

பொருத்தும் வேலை கடினமானதல்ல, அவசரப்படாமல் இருந்தால் போதும். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றி, கேபினட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைக் கழித்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். பழைய கனெக்டரை எடுக்கும்போது கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. கனெக்டரின் உடலைப் பிடித்து நேர் மேலாக இழுக்க வேண்டும். என் கணினியில் விசிறி நான்கு திருகுகளால் ஹீட்சிங்க்கின் மேல் பொருத்தப்பட்டிருந்ததால், ஹீட்சிங்க்கைச் செயலியிலிருந்து பிரிக்காமலே விசிறியை மட்டும் கழற்ற முடிந்தது.

கழற்றியதும் கண்ணில் பட்டது, விசிறிக்கு அடியில் உலோகத் தகடுகளின் வாயை அடைத்து நெய்த துணிபோல் படிந்திருந்த தூசி. விசிறி மேலே இருக்கும்வரை இந்தப் படலம் வெளியே தெரிவதில்லை. இறக்கைகளை மட்டும் துடைத்துவிட்டு ‘சுத்தம் செய்தேன்’ என்று நினைப்பவர்கள் பலர் இதைக் கண்டிருக்கவே மாட்டார்கள். ஒரு தூரிகையால் அதைத் தளர்த்தி அகற்றினேன். விசிறியைக் கழற்றாமல் காற்றடித்துச் சுத்தம் செய்ய நேர்ந்தால், இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமான காற்று அதை அதன் வரம்பைத் தாண்டிச் சுழற்றினால் நல்ல பேரிங்கும் கெடும். இந்த மதிப்புரையில் நேர்மைக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: விசிறி மாற்றிய பின் செயலியின் வெப்பம் குறைந்ததில், தூசி அகன்றதற்குப் பெரிய பங்கு உண்டு. புதிய விசிறியின் பெருமையாக மட்டும் அதை எழுதுவது சரியாகாது.

விசிறியின் எந்தப் பக்கம் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். ஹீட்சிங்க்கின் மேல் வைக்கும்போது அந்தப் பக்கம் தகடுகளை நோக்கி இருக்க வேண்டும். கேபினட்டின் பின்புறத்தில் வெப்பக் காற்றை வெளியேற்றப் பொருத்தினால் அதே பக்கம் வெளியே பார்க்க வேண்டும். பழைய விசிறியைக் கழற்றும் முன் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ரப்பர் ஆணிகள் கேபினட்டில் பொருத்துவதற்கு மிக ஏற்றவை, ஏனென்றால் மெல்லிய தகடு அதிர்ந்து எழுப்பும் ஓசையை அவை தடுக்கின்றன. ஹீட்சிங்க்கில் அவற்றுக்கு வேலையில்லை என்பதால் பழைய நீளத் திருகுகளையே பயன்படுத்தினேன். மூலையிலுள்ள மெத்தைகள் நசுங்கும் அளவுக்கு இறுக்காமல், சட்டம் அசையாத நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஹீட்சிங்க்கையே கழற்ற வேண்டிய அமைப்பாக இருந்தால், செயலிக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ஒருமுறை பிரிந்த பழைய பூச்சு மீண்டும் சரியாக ஒட்டாது.

சத்தத்தில் என் தீர்ப்பு தயக்கமற்றது. சாதாரண வேலைகளின்போது விசிறியின் ஓசையைப் பிரித்தறிய முடியவில்லை. கேட்பது ஹார்ட் டிஸ்க்கின் ஓசைதான். செயலிக்கு முழுச் சுமை கொடுத்தபோது காற்று பாயும் மென்மையான ஒலி எழுந்தது, அதிலும் கரகரப்போ கீச்சொலியோ இல்லை. நிறுவனத்தின் கணக்குப்படி உச்ச வேகமான 2000 சுற்றில் 22.8 டெசிபல், அடாப்டரை இணைத்தால் 1550 சுற்றும் 16.3 டெசிபலும். இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்குக் காரணம் உண்டு. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றின் அளவும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் ஓசை சுமார் 5 டெசிபல் இறங்கிவிடும், மின்செலவு பாதியாகிவிடும். மெதுவாக ஓடியும் போதுமான காற்றைத் தரும் விசிறிக்குக் கூடுதலாகச் செலவிடுவதில் பொருள் இருப்பது இதனால்தான்.

அந்த அடாப்டரைப் பழைய கணினியில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. மதர்போர்டு ஏற்கெனவே தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அடாப்டர் செய்வது உச்ச வேகத்துக்கு ஒரு கூரை போடுவது மட்டுமே. கோடை வெயிலில் முழுச் சுமையில் ஓடும் 95 வாட் செயலிக்கு அந்த மீதி வேகம் தேவைப்படும். அடாப்டர் பொருத்தப்பட்ட நிலையில் கணினி எல்லா வேளையும் அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதை அந்த அமைதி மறைத்துவிடக்கூடும்.

இந்த விசிறிக்கும் பழைய கணினிக்கும் இடையிலுள்ள உண்மையான முரண்பாடு வேகம் பற்றியது. அலுவலகக் கணினிகளின் தொழிற்சாலை விசிறிகள் பல 3000 சுற்றையும் தாண்டுபவை. அத்தகைய விசிறிக்குத் துடிப்பலை மூலம் முழு வேகத்தில் மூன்றிலொரு பங்குக்கான கட்டளை கொடுத்தால் அது ஆயிரம் சுற்று அளவில் ஓடும். 2000 சுற்றை உச்சமாகவும் 400 சுற்றைத் தாழ்வாகவும் கொண்ட நாக்டுவா அதே கட்டளைக்கு அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். விசிறி நலமாகவே இருக்கும். ஆனால் தன் கணக்குக்குக் கீழே வேகம் இறங்கியதைக் காணும் பயாஸ், விசிறி பழுதடைந்துவிட்டது என்று முடிவு செய்து, ‘சிபியு ஃபேன் எர்ரர்’ என்ற அறிவிப்போடு கணினியைத் தொடக்கத்திலேயே நிறுத்திவைக்கும். தனியாக வாங்கும் மதர்போர்டுகளில் இதற்குத் தீர்வு எளிது: ஏசுஸ் போர்டுகளில் விசிறியின் தாழ்ந்த வேக எல்லையை 200 சுற்றுவரை குறைக்கும் அமைப்பு பயாஸிலேயே இருக்கிறது. முழுக் கணினியாக விற்கப்பட்டவற்றில் அந்த அமைப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றில் செயலற்ற நிலைக்கான விசிறி வேகத்தை உயர்த்தும் தெரிவு இருந்தால் அதை ஓரிரு படிகள் ஏற்றிவைத்தால் போதும். என் கணினியில் அந்தத் தெரிவு இருந்தது, ஏற்றிவைத்ததும் அறிவிப்பு எழவில்லை. ஓசையில் உணரத்தக்க மாற்றமும் இல்லை.

ஆகவே யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்பதில் எனக்குத் தெளிவு உண்டு. வழக்கமான நான்கு பின் இணைப்பும் 25 மி.மீ. தடிமனுள்ள 92 மி.மீ. இடமும் கொண்ட, 95 வாட் அளவுக்கு உட்பட்ட செயலியுள்ள பழைய கணினியை இன்னும் பல ஆண்டுகள் பயன்படுத்த எண்ணுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். அதே அளவிலான சாதாரண விசிறிகளைவிட இதன் விலை அதிகம். ஓராண்டில் கணினியை மாற்றப்போகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை, எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு சுழலும், நல்ல பெயருள்ள எந்த ஃப்ளூயிட் பேரிங் விசிறியும் அவர்களுக்குப் போதும். லேபிளில் 0.4 ஆம்பியருக்கு மேல் குறிக்கப்பட்ட, 38 மி.மீ. தடிமனான விசிறியை மாற்றுபவர்கள் இதை வாங்கக் கூடாது, 0.1 ஆம்பியரில் ஓடும் விசிறி அந்த அளவு காற்றைத் தள்ளாது, அங்கே அதே பாக எண்ணுள்ள விசிறிதான் வேண்டும்.

வாங்கிப் பொருத்தியவர்கள் முதல் நாளே ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் காட்டும் மென்பொருளை இயக்குங்கள். விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் இதற்கு உதவும். செயலிக்கு அரைமணி நேரம் முழுச் சுமை கொடுத்து, வெப்பம் ஏற ஏற விசிறியின் வேகமும் ஏறி 2000 சுற்றை நெருங்குகிறதா, வெப்பம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். வேகம் உச்சத்தை எட்டியும் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் குறை விசிறியில் இல்லை. செயலிக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அடுத்து அதைத்தான் கவனிக்க வேண்டும்.